சீனாவில் நான் வைக்க விடாத பூ

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மற்றப் பக்கங்களில் எல்லோரும் அண்ணையைத் தெய்வம் என்று எழுதியிருப்பார்கள். நான் அவருடைய ஒரே தங்கை, சண்டைக்காரி. அவரோடு நான் கடைசியாகப் பிடித்த சண்டையைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தேவாரத்தைப் படியுங்கள்.

சங்கதி முதல் பக்கத்தில் தொடங்கியது. நம் வழக்கப்படி அங்கே அண்ணையின் உறவுமுறைகள் வரிசையாக வரும். இறந்துபோன உறவுகளின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். அப்பாவுக்குப் போட்டாயிற்று. அம்மாவுக்கும் போட்டாயிற்று. அண்ணையின் மகன், என் மருமகன், எங்கள் தம்பியின் பெயரில் வந்து நின்றுவிட்டான். டென்மார்க்கில் வளர்ந்த அவனுக்குப் பயந்தால் டேனிஷ்தான் முதலில் வரும். அதில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தான்.

"மாமி, சித்தப்பாவுக்கு முன்னாலை அந்தச் சொல்லைப் போடுறதோ, விடுறதோ?"

"போட்டுப் பார். அவ்வளவு மலரையும் கிழிச்சுக் குப்பையிலை போடுவன்" என்றேன்.

இதைக் கேள்விப்பட்டுப் பிரெடெரிசியா நகரிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். "பிள்ளை, ஊருலகத்துக்குத் தெரிஞ்ச விசயம்தானே" என்றார். ஊருலகம் கண்ணால் கண்டதா? அவர் கண்டாரா? பட்டென்று தொலைபேசியை வைத்தேன். அவரும் இந்த மலரைப் படிப்பார். படிக்கட்டும்.

அண்ணை வடமராட்சியில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. படிப்பை விட்டுவிட்டு அம்மா, நான், தம்பி என்று எங்கள் மூவரையும் சுமந்தார். பிறகு டென்மார்க்குக்கு வந்து, அகதி முகாமில் குளிரைப் பழகி, ஹேர்னிங்கில் ஒரு பின்னல் ஆலையில் சேர்ந்தார். அந்த ஆலையை மூடி இயந்திரங்களைச் சீனாவுக்கு அனுப்பியபோது, அவற்றுக்கு எண்ணெய் பூசிப் பெட்டியில் கட்டியவரும் அவர்தான். புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கட்டிலும் மேசையும் தன் காரின் கூரையில் கட்டிக்கொண்டுபோய் இறக்கினார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அந்த வேலையை அவருக்கும் சேர்த்து நான் பார்த்தேன்.

என்னையும் இங்கே கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். தம்பி ஊரில் நின்றான், இயக்கத்துக்குப் போனான். போர் முடிந்த நாட்களில் ஆமியிடம் சரணடையப் போனவர்களுக்குள் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். உடலும் இல்லை, கடதாசியும் இல்லை. கண்ணால் காணாமல் அவனுக்குக் கிரியை செய்யக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவுக்குப் பிறகு நான் நின்றேன். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அப்பாவுக்குப் படைக்கும்போது அண்ணை என் முகத்தைப் பார்ப்பார். "தம்பியின்ரை பேரைச் சொன்னியளெண்டா இந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டன்" என்பேன். அவர் சொல்லமாட்டார். எங்கள் வீடுகளில் தம்பியின் படத்துக்கு மாலை இல்லை. மாலை இல்லாமல் மாட்ட அண்ணைக்கு மனம் வராததால், கடைசியில் படமே இல்லாமல் போயிற்று.

போன வருடம் மருமகன் வேலை விடயமாகச் சீனாவுக்குப் போனபோது எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் ஆலையில் நின்ற ஒரு பகல், எங்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டான். அந்தப் பெண் நேரே ஒரு நினைவு நூதனசாலைக்குக் கொண்டுபோனாள். ஜப்பான்காரனை எதிர்த்துச் சண்டைபிடித்த ஒரு படைக்குக் கட்டியதாம்.

வாசலைக் கண்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரண்மனை மாதிரிக் கட்டடம். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கோல் செருப்பு, ஓட்டை விழுந்த தண்ணீர்க் குடுவை, ஒரு பொடியன் தாய்க்கு எழுதிய கடிதம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கு. வென்றவன் பிள்ளையின் செருப்புக்குக்கூட விளக்குப் போடுகிறான். ஊரில் எங்கள் பிள்ளைகளின் கல்லறைகளை ஆமி இடித்து உழுதது. கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகளிலும் கோபம் வந்தது. ஏன் மறைக்க?

கடைசி மண்டபத்தில் சுவர் முழுக்கப் பெயர்கள். ஒரு எழுத்தும் எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் அண்ணை வாசலிலேயே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். என்னுடைய கால்களும், என்னைக் கேளாமலே, கழற்றிவிட்டன. காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தான். மொழிபெயர்த்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது கோயில் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னாள். அண்ணை போட்டுக்கொண்டார், ஆனால் கையைக் கூப்பியபடியே நின்றார்.

அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் செவ்வந்திப்பூ தந்தாள். சுவரைக் காட்டி, இதில் பெயர் வெட்டப்பட்ட ஒருவர் பல வருடங்களுக்குப் பிறகு உயிரோடு வீடு வந்து சேர்ந்தார் என்று கதை சொன்னாள்.

"கேட்டீங்களோ அண்ணை!" என்றேன்.

"கேட்டனான். வந்தது ஒருத்தன் பிள்ளை. மிச்சம் இவ்வளவு பேரும்?"

தன் பூவை அந்தச் சுவரடியில் வைத்தார். பிறகு என் கையிலிருந்த பூவைப் பார்த்தார்.

"அதைத் தா. தம்பிக்கு வைக்கிறன்."

"ஆருக்கு? உயிரோடை இருக்கிறவனுக்கோ?"

"இருக்கிறானெண்டா எங்கையெண்டு சொல்லு, இப்பவே போறன். இல்லையெண்டா ஒரு பூ வைக்க விடு. ஆற்றையோ பிள்ளையளுக்கு வைச்ச கை, என்ரை தம்பிக்கு வைக்கக்கூடாதே?"

மடக்கிவிட்டால் எனக்கு வாயில் விஷம்தான் வரும்.

"நீ தப்பி வந்தனி. என்னைக் கூப்பிட்டனி. அவனைக் கூப்பிட்டனியே? அவனைச் சாகக் குடுத்துப்போட்டு இப்ப பூ வைக்க வாறாய்!"

வாழ்நாளில் முதல்முறையாக அண்ணையை நான் 'நீ' என்று சொன்னேன். அவர் ஒருமுறை சுவரைப் பார்த்தார், பிறகு வெளியே நடந்தார். நான் அந்தப் பூவை வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். மொழிபெயர்த்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டென்மார்க் திரும்பிய பிறகு நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நான் இருக்கும் சில்க்போர்க்கிலிருந்து ஹேர்னிங்குக்குக் காரில் எவ்வளவு நேரம்? போகவில்லை. அவருக்குப் புற்றுநோய் என்று மருமகன் சொன்ன பிறகுதான் போனேன், அதுவும் ஆஸ்பத்திரிக்கு. அண்ணை என் கையைப் பிடித்து, "சாப்பிட்டியே பிள்ளை?" என்றார். பூவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

மருமகன் முதல் பக்கத்தோடு வந்த அன்று, நான் மலரைக் கிழிப்பேன் என்று கத்தியதும் அண்ணி குசினியிலிருந்து வந்தார். முப்பது வருடத்தில் அண்ணி என்னோடு சத்தமாகப் பேசியதில்லை. அன்று சீறினார்.

"காணும் நிப்பாட்டுங்கோ! சீனாவிலை நீங்கள் கேட்டதை அவர் என்னட்டைச் சொல்லி அழுதவர். தம்பியைத்தான் இவர் முதல் கூப்பிட்டவர். 'நான் வரேல்லை, அக்காவை எடுங்கோ, ஊரிலை பொம்பிளைப் பிள்ளை இருக்கேலாது' எண்டு அவன்தான் சொன்னவன். உங்களுக்குத் தெரியவேண்டாமெண்டு இவர் என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். தெரிஞ்சா நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியளாம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். தம்பி எனக்குத் தந்த இடத்தில் நான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அதை என்னிடமிருந்து மறைப்பதற்காக அண்ணை என் வாயால் அத்தனையும் வாங்கிக் கட்டியிருக்கிறார். எனக்கு இப்போதும் கோபம்தான், அண்ணையில். சொல்லியிருக்கலாமே, ஐயோ, அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

அண்ணையைப் பார்த்த தாதிமாருக்கும், பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், வீட்டுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், எங்கள் சண்டையைப் பாராததுபோல் நின்ற அந்தச் சீனப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் தொலைபேசியை முகத்தில் அடித்த பிரெடெரிசியாப் பெரியவருக்கும் நன்றி. மன்னிப்பு நேரில் கேட்பேன். எனக்கு ஆறுதல் சொல்ல மட்டும் ஒருவரும் வரவேண்டாம்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தம்பியின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறது. மருமகனின் கையிலிருந்து பேனையை வாங்கி நான்தான் அதை எழுதினேன். இன்று அண்ணைக்குப் படைக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் செவ்வந்தி தனியாக இருக்கும். அது அண்ணைக்கு இல்லை, யாரும் எடுத்து அவர் படத்தில் வைத்துவிடாதீர்கள்.

அண்ணை, நீங்கள் தம்பிக்கு வையுங்கோ.