பீரிசு இல்லாத கோப்பை

வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் என் மனைவி செல்வி எனக்குப் பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்தாள். வழக்கமான கிளாசில் அல்ல, கோப்பையிலும் பீரிசிலும். ரோஜாப்பூ போட்ட வெள்ளைக் கோப்பை, விளிம்பில் தங்கக்கோடு, கீழே அதைத் தாங்கும் தட்டாக அதே பூப்போட்ட பீரிசு. எங்கள் கல்யாணத்துக்கு வந்த செட்டில் உடையாமல் மிஞ்சிய ஒரே சோடி அது. அலுமாரியின் மேல்தட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். கிராம சேவகர் வந்தால் இறங்கும், மகளின் டீச்சர் வந்தால் இறங்கும், அவர்கள் போனதும் கழுவித் துடைத்து மறுபடி மேலே ஏறிவிடும். செல்வியும் எட்டு வயது மகள் தர்ஷினியும் கண்ணாடிக் கிளாசில் குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பீரிசைத் தாங்கிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன்போலக் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தேன். "அப்பா, அது வர்றவங்களுக்குக் குடுக்குற கப்பு. பாத்துப் புடிங்க" என்றாள் தர்ஷினி. செல்வி அதைக் கேட்காதவள்போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்து வருஷம் கழித்து வருகிறவனுக்கு ஒரு மரியாதை என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அதே கோப்பை. மூன்றாம் நாளும் அதே. "எனக்கும் கிளாசுல குடேன்" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குத் தகுதி இல்லை என்று உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. காரணத்தை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொரியாவுக்குப் புறப்பட்டபோது செல்வி என்னிடம் வாங்கிக்கொண்ட வார்த்தை, "ஒரே ஒரு தடவதான்" என்பது. ஒப்பந்தம் முடிந்ததும் போனில் "முடிஞ்சிருச்சு, வர்றேன்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நல்லபடியாக வேலை செய்தவர்களை மறுபடி கூப்பிடுகிற முறை ஒன்று அங்கே இருக்கிறது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன். நாற்பது நாள் லீவு, அதன் பிறகு இன்னொரு ஐந்து வருஷம். அதை அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

சொல்வதற்குத் துணையாக நான் கொண்டுவந்தது ஒரு பை காய்ந்த பழம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, சுருங்கிய, கருஞ்சிவப்புப் பழங்கள். ஒமிஜா என்று பெயர். நான் வேலை செய்வது முங்யோங் என்ற ஊரில், வாகனங்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில். சுற்றிவர மலை. அந்த மலைச்சரிவுகளில் கொடியில் காய்ப்பது இந்தப் பழம். நான் போன முதல் வருஷம், முதலாளியின் மனைவி ஒரு பை ஒமிஜாவை என் கையில் கொடுத்து "ச்சா, ச்சா" என்றார். அவரை எல்லோரும் சமோனிம் என்று கூப்பிடுவோம், நம்மூரில் முதலாளியம்மா என்பதுபோல. ச்சா என்றால் தேநீர் என்பது எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேநீர் போடக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? கேத்தலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஒரு பிடி பழத்தை அள்ளிப் போட்டு, சாயம் நன்றாக இறங்கட்டும் என்று இன்னும் ஐந்து நிமிஷம் கொதிக்க விட்டு, பெருமையோடு அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினேன். நான் ஒரு மிடறு குடித்தேன். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அவரைப் பார்த்து "மாஷிஸ்ஸோயோ" என்றேன். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எனக்குத் தெரிந்த பத்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அவர் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு கண்ணாடிப் போத்தலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, புதிதாக ஒரு பிடி பழம் போட்டு மூடினார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, முள் ஓடுவதுபோல விரலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். அந்த விரல் என்னை எச்சரிக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். வேலை நேரத்தில் தேநீர் போட்டதற்குத்தான் கோபம் என்று பயந்து, பகல் முழுக்க மெஷினை விட்டு அசையவில்லை.

மறுநாள் காலை அந்தப் போத்தலில் தண்ணீர் செம்பருத்திப்பூ நிறத்தில் இருந்தது. தேன் ஒரு கரண்டி விட்டு, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் தந்தார். முதலில் புளிப்பு, முகம் சுளிப்பதற்குள் இனிப்பு, விழுங்கிய பிறகு மெல்லிய கசப்பு, லேசாக ஒரு உறைப்பு, உதட்டோரம் கொஞ்சம் உப்பு. ஐந்து சுவை உள்ள பழம் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தமாம். எந்தச் சுவை முதலில் தெரிகிறதோ அதை வைத்து அன்றைக்கு உடம்பு எப்படி என்று பார்ப்பார்கள் என்றும் பின்னாளில் சொன்னார். எழுந்தது முதல் படுக்கிறவரை சீக்கிரம், சீக்கிரம் என்று ஓடுகிற அந்தத் தேசத்தில், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகிற ஒரு பானம். ஆற அமர வாழ்வதாக நாம் சொல்லிக்கொள்கிற நம்முடைய மலையகத்திலோ, கேத்தல் கொதிக்கத் தாமதமானால் வீட்டில் சண்டை. நமக்கு ஆறு சுவை, அவர்களுடைய பழத்தில் ஐந்துதானே, மிச்சம் எது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். துவர்ப்பு. நம்முடைய தேயிலையின் சுவை. அதைத்தான் முதல் நாள் கொதிக்க வைத்து வலுக்கட்டாயமாக இறக்கியிருக்கிறேன். அதை நினைத்துத் தங்குமிடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் பன்வில ஞாபகம் வந்தது.

லீவில் பதினேழாம் நாள், ஒமிஜா ஊறவைக்க நல்ல கண்ணாடிப் போத்தல் வாங்கக் கண்டிக்குப் போனேன். பன்வில பஸ் வத்தேகம வழியாக இறங்கி வருவதற்குள், இன்று எப்படியும் செல்வியிடம் சொல்லிவிடுவது என்று நான்கு தடவை முடிவு செய்து நான்கு தடவை மாற்றினேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் போத்தலைத் தேர்ந்தெடுத்து, காசை இரண்டு கையாலும் நீட்டித் தலையைக் குனிந்தேன். கொரியாப் பழக்கம், என்னை அறியாமல் வந்துவிடுகிறது. கடைக்காரர் வாங்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, காணிக்கையா வெக்கிறீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "எங்க ஊரு?" "பன்வில." அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். "பன்வில டவுனா, தோட்டமா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கண்டியில் யாரும் கேட்கிற கேள்விதான், தோட்டம் என்றால் ஒரு படி கீழே என்று கணக்கு. இருந்தாலும் படிவத்தில் நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்பதற்கான பாதி பதில் அந்தக் கேள்வியில் இருக்கிறது. முங்யோங்கில் நான் ஸ்ரீலங்கா. நல்லதோ கெட்டதோ, அதற்கு மேல் தோண்ட அங்கே யாருக்கும் நேரமில்லை. அங்கே மூன்றாம் மெஷின் மக்கர் செய்தால் முதலாளியே என்னைத் தேடி வருகிறார். இங்கே நான் செய்யத் தெரிந்து வைத்திருக்கும் அந்த வேலைக்கு ஒரு இடம் கிடைக்குமா என்று நினைத்தாலே பயமாக இருந்தது. ஆனால் அங்கே பண்டிகை நாளில் தொழிற்சாலை வெறிச்சோடும்போது, யாராவது ஒருவர் வந்து டவுனா தோட்டமா என்று கேட்க மாட்டாரா என்று ஏங்கியவனும் நான்தான். "தோட்டம்" என்று பதில் சொல்லிவிட்டுப் போத்தலை வாங்கிக்கொண்டேன்.

அன்று பொழுது சாயும் நேரம் போத்தலைக் கழுவி, ஒமிஜாவைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, அடுப்படி மேடையில் வைத்தேன். செல்வி பிரதேச சபையில் வேலை முடிந்து களைத்து வந்திருந்தாள். "இது என்னங்க?" என்றாள். "கொரியா டீ. காலையில ஒனக்குத் தர்றேன். அப்ப ஒரு விசயமும் பேசணும்" என்றேன். "ம்" என்று மட்டும் சொன்னாள். அவசரப்படாத பானம் என்று பெரிதாக யோசித்து வைத்திருந்தவன், அதைக் கொதிக்க வைக்கக்கூடாது என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவளிடம் சொல்ல மறந்துபோனேன்.

காலையில் எழுந்து வந்தபோது அடுப்படி முழுக்கப் புளித்த வாசம். கேத்தல் தளதளத்துக்கொண்டிருந்தது. போத்தல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "நேத்துப் பழத்தப் போட்டீங்க, தண்ணியச் சுட வைக்க மறந்துட்டீங்க. நான் நல்லாக் கொதிக்க வச்சுட்டேன்" என்றாள் செல்வி, எனக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்திய திருப்தியோடு. அச்சு அசலாக நான் செய்த அதே காரியம். அலுமாரிக்குப் போய்வர நேரமில்லாமல், கைக்கு எட்டிய இரண்டு கிளாசில் ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க இது, சாயம் கூடிப்போன டீ மாதிரி இப்புடித் துவர்க்குது? இதயா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சமோனிம், கேத்தல், கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "செல்வி, நான் மறுபடி போறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் கிளாசைக் கீழே வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? முடிச்சுட்டு வந்தவங்க எல்லாம் கம்பளியக் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. ஒங்க பெட்டியில கம்பளியும் இல்ல, குளிருக்குப் போடுற கோட்டும் இல்ல. திரும்பிப் போறவருதானே அதெல்லாம் அங்கேயே வச்சுட்டு வருவாரு? மொத நாளே பெட்டியத் தொறந்து பாத்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவு கொரியாப் பழக்கம் இல்லை.

"போறதுக்காகக் கோவம் இல்லைங்க" என்றாள். "அழுதிருப்பேன், சண்ட புடிச்சிருப்பேன், பெறகு ரெண்டு பேருமா யோசிச்சிருப்போம். நீங்க சொல்லலயே. வந்து இருக்கிற நாளக் கணக்குப் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கிற ஆளு வீட்டு ஆளா? அதான் அந்தக் கோப்பையில குடுத்தேன். நீங்களாச் சொல்ற வரைக்கும் அதுலதான் குடுக்கிறதுன்னு இருந்தேன்."

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. அழுதேன் என்பது ஞாபகம் இருக்கிறது. அவள் எழுந்து சீனிப் போத்தலை எடுத்து வந்து, என் உள்ளங்கையில் கொஞ்சம், தன் கையில் கொஞ்சம் போட்டாள். தோட்டத்தில் எல்லோரும் பிளேன்டீ குடிக்கிற விதம் அது, சீனியை நக்கிக்கொண்டு ஒரு மிடறு, மறுபடி சீனி, மறுபடி ஒரு மிடறு. ஊற்றிய தேநீரைக் கொட்டுகிற வழக்கம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் கிடையாது. அந்தத் துவர்ப்புத் தண்ணீரை அடி வரை குடித்து முடித்தோம். அன்றைக்கு அவள் ஒன்றையும் மன்னிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை எனக்குப் பிளேன்டீ கிளாசில் வந்தது. விளிம்பில் சின்னதாகச் சில்லு போன கிளாஸ். மிச்சமிருந்த இருபத்திரண்டு நாளும் அதில்தான் குடித்தேன். அதில் மூன்று நாள் சண்டையும் போட்டோம்.

இதை முங்யோங்கில் இருந்து எழுதுகிறேன். வந்து பெட்டியைத் திறந்தபோது, செல்வி மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவில், பழைய பேப்பரில் சுற்றிய ஒன்று கையில் தட்டுப்பட்டது. ரோஜாப்பூக் கோப்பை. பீரிசைத் தேடினேன், இல்லை. போன் எடுத்தேன்.

"நீங்க விருந்தாளியா இருக்கிறது அங்கதான். அதான் அந்தக் கோப்பையக் குடுத்துவிட்டேன்" என்றாள். "இங்க ஒங்க கிளாஸ் இருக்கு."

"அப்ப பீரிசு?"

"அது இங்க இருக்கட்டும். முடிச்சுட்டு வர்றப்ப கோப்பையக் கொண்டாந்து மேல வைங்க. கம்பளியையும் சேத்து."

இப்போது அந்தக் கோப்பையில்தான் ஒமிஜா குடிக்கிறேன், ஒரு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறியதை. சில நாள் புளிப்பு முன்னால் வருகிறது, சில நாள் கசப்பு. ஐந்தும் வந்து போன பிறகும் நாக்கு இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் சமோனிம் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீழே தட்டு இல்லையே என்று கையால் கேட்டார். உடைந்துவிட்டதா என்று முகத்தில் ஒரு இரக்கம். இல்லை, பத்திரமாக இருக்கிறது என்று சொல்லப் பார்த்தேன். என் கொரிய மொழி அவ்வளவு தூரம் போகவில்லை. மறுநாள் தன் வீட்டிலிருந்து அழகான மரத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் தந்தார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதில் அறைச் சாவியைப் போட்டு வைத்திருக்கிறேன். கோப்பையை வெறும் மேசையில்தான் வைக்கிறேன். எடுக்கும்போது மேசையில் சிவப்பாக ஒரு வளையம் இருக்கிறது, பீரிசின் குழி அளவுக்கு.