முள்ளுப்பழக் கிண்ணம்

அலுவலகத்தில் சட்டைக் கையை மடித்துவிடும்போதெல்லாம் என் இடது மணிக்கட்டில் மூன்று வெள்ளைக் கோடுகள் தெரியும். பூனை பிறாண்டியதா என்று கேட்பார்கள். முள்ளுப்பழச் செடி என்பேன். அது அடர்ந்த காட்டிலும் வளராது, ரப்பர் மர நிழலிலும் வளராது. மரம் விழுந்து வெயில் இறங்கும் இடம்தான் அதற்கு வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் காஜா பேராங் ரப்பர் தோட்டத்தில், கூலிகள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த ரப்பர் மரங்களை விறகுக்கு வெட்டிவிட்டார்கள். ஒரே வருஷத்தில் அந்தச் செடி ஆளுயரப் புதராக மண்டிவிட்டது. அதன் முள் பின்னோக்கி வளைந்தது. உள்ளே நுழைய விடும், வெளியே வர விடாது.

போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். சாலையில் போன என்னையும் பெயர்கூடக் கேட்காமல் லாரியில் ஏற்றினார்கள். ஒரு வளைவில் குதித்து ஓடி அந்தப் புதருக்குள் பதுங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. வெளியே வந்தபோது இரண்டு கைகளிலும் ரத்தக் கோடுகள். ஆள் பிடிப்பவர்களுக்குத் துணையாக வந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் தமிழ்க் கிராணி, இலைகளில் ரத்தத்தைப் பார்த்துவிட்டார். "மத்தியானம் சிப்பாயோட வருவேன். எவன் கை கிழிஞ்சிருக்கோ அவன் ஏறணும்" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவின் தங்கை, ரப்பர் பாலுக்கு மரம் சீவிப் பிழைத்த என் அத்தை, என் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "படிச்ச தொரைக்கு ஒளியத் தெரியுது, வெளிய வரத் தெரியல." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "வாங்கடி, ஆம்பளைங்களயும் இழுத்துக்கிட்டு வாங்க. பழம் பறிக்கப் போறோம்." ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் லயத்தில் கிழியாத கை இல்லை. எல்லோரையுமே லாரியில் ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிராணி வந்தார். கைகளை நீட்டச் சொன்னார். "என்னம்மா, லயமே பூனையோட மல்லுக்கு நின்னீங்களா?" பக்கத்தில் சிப்பாய் துப்பாக்கியை மாற்றிப் பிடித்தான்.

"அரிசி இல்லீங்களே ஐயா. பழம் பழுத்துக் கெடக்கு, பறிச்சோம். சாப்பிட்டுப் பாருங்க."

அத்தை நீட்டிய கிண்ணத்தில் மேலே கிடந்ததை விரலால் ஒதுக்கி, அடியில் துழாவி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு விழுங்கினார். "இனிப்பாத்தான் இருக்கு" என்றார். சிப்பாயிடம் ஏதோ சொன்னார். லாரி காலியாகப் போனது. அந்த ஆளை அத்தை ஏமாற்றிய கதையை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சென்ற மாதம் புக்கிட் பாருவில் புதுச் சாலைக்காக வெட்டிய மேட்டில் அதே செடி செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. ஒரு கை பறித்துப் போய் அத்தையிடம் கொடுத்தேன். ஒன்றைச் சுவைத்துவிட்டு, "அன்னிக்கு மேல நாலுதாண்டா பழம். அடியில அத்தனையும் பச்சக் காய், நாக்க இழுத்துக்கும்" என்றாள். "அந்த மனுஷன் மூஞ்சியச் சுளிக்காம இனிப்புன்னுட்டுப் போனாரேடா."

இப்போதும் பூனையா என்று கேட்கிறார்கள். முள் என்கிறேன். சிரிக்கச் சிரிக்கச் சொன்ன மிச்சக் கதை வாயில் வருவதில்லை.