ஆடும் நிலத்துப் பாசி

பரந்தன் சந்தியில் பஸ் பிந்தினால் நான் பூக்கன்றுக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். வாங்குவது குறைவு, விலை கேட்பது அதிகம். போன கிழமை கடைக்காரர் ஓர்கிட் சட்டியொன்றில் காய்ந்த பாசியை அடைத்துக்கொண்டிருந்தார். "வெளிநாட்டுச் சாமான் ரீச்சர். தண்ணி பட்டா உயிர் வந்திடும், பாருங்கோ" என்று போத்தல் தண்ணீரை ஊற்றினார். குளிர்ந்த மண்ணும் ஊறிய இலையும் கலந்தாற்போல் ஒரு மணம் எழுந்தது. அந்தப் பாசியைப் பற்றி அவரைவிட எனக்கு நன்றாகவே தெரியும். வழக்கமாக இப்படியான இடத்தில் சும்மா இருக்கிற ஆளுமல்ல நான். அன்றைக்கு அந்த ஈரப் பாசியை எடுத்து முகர்ந்தபடி நின்றுவிட்டேன். பஸ்ஸும் போய்விட்டது.

வன்னியில் பாசி என்றால் குளத்துப் படியில் வழுக்கும் பச்சைதான். அதைப் படிக்க ஒருத்தி பல்கலைக்கழகம் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து முடித்தவள் நான். அந்தத் திமிர் இன்றும் உண்டு, மறைப்பதில்லை. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டு வரும் மேரியக்கா மட்டும் அதைச் சட்டை செய்ததில்லை. "எங்கட கரையில பாசி சும்மா கிடந்து நாறுது. கேட்டிருந்தா அள்ளித் தந்திருப்பனே பிள்ளை. இதுக்குப் போய் கம்பசோ?" என்பார், தராசைத் தூக்கிப் பிடித்தபடி.

மேரியக்கா அள்ளித் தரக்கூடிய பாசியல்ல அது. மலைநாட்டின் உச்சிச் சதுப்புகளில் வளர்வது. இறுதி வருடத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை, அப்படியொரு சதுப்பில் சேகரித்த பாசி எந்த இனம் என்று கண்டுபிடிப்பது.

மலை என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்காது. அப்பா மலைத்தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு, கனகராயன்குளம் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அப்போது அவர் சிறுவன். எந்தத் தோட்டம் என்று கேட்டால், "அந்தக் கதைய விடு புள்ள" என்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "உங்கட ஊர் எது?" என்று கேட்பார்கள். இருக்கிற ஊரைச் சொன்னால், "அதில்ல, உண்மையான ஊர்" என்பார்கள். வீட்டில் மலைநாட்டு 'ஆமா' என்றும் படலைக்கு வெளியே வன்னி 'ஓம்' என்றும் சொல்லி வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வி சாகும்வரை உறுத்தும். பாசியின் பெயரைவிட எனக்கு வேண்டியிருந்தது அந்த ஊரின் பெயர்தான்.

விடுமுறையில் பாசியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பொலித்தீனில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், காகித உறையில் காயவைக்க வேண்டும். குசினி யன்னலோரம் உறையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். காய்ந்தால் அது பார்வைக்குத் தேங்காய்ப் பொச்சு மாதிரி இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது அம்மா அதில் பாதியைச் சாம்பலில் தொட்டுச் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறின. "ஒரு பொச்சுக்கா இந்தக் கத்து கத்துற? அதுவும் ஒழுங்கா தேய்க்கல, மெத்து மெத்துனு போகுது" என்றார் அம்மா.

வயலிலிருந்து வந்த அப்பா மண்வெட்டியை இறக்காமலே நின்றார். பானைக்குள் கிடந்தது ஊறிப் பச்சையாகியிருந்தது. குந்தி, அதைக் கையிலெடுத்து முகர்ந்தார். பிறகு மெதுவாகப் பிழிந்தார். தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஓடியது.

"இது ஆடுற நெலத்துல உள்ளதுல்ல?"

அன்றுதான் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே கோயில், கோயிலுக்கு மேலே அந்தச் சதுப்பு. "அடியில பூரா தண்ணி, மேல இந்தப் பாசி. இந்தப் பக்கம் நான் குதிச்சா அந்தப் பக்கம் நிக்கிற செல்வி ஆடுவா. ஒங்க அத்த." எனக்கொரு அத்தை இருந்ததும் அன்றுதான் தெரியும்.

"லயத்துக்குத் தீ வச்சப்ப அங்கதான் ஒளிஞ்சோம். அவளுக்குக் காய்ச்சல். தண்ணி தண்ணினா. ஓடைக்குப் போனா ஆளுங்க பாத்துருவாங்க. இதத்தான் பிழிஞ்சு பிழிஞ்சு வாயில விட்டேன்."

"அப்புறம்பா?"

"அப்புறம் குடிக்கல. அங்கேயே வச்சிட்டு வந்தோம்."

அம்மா பானையைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கும் அது புதிய செய்தி.

மிஞ்சிய பாதியை வைத்துத்தான் வேலையை முடித்தேன். ஓர் இலையை உரித்துச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வலைபோலத் தெரியும். வலையின் நூல், மெல்லிய பச்சைக் கலங்கள், உயிருள்ளவை. இடையில் பெரிதாக இருப்பவை இறந்துபோன வெற்றுக் கலங்கள். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை அந்த இறந்த கலங்கள்தான். இதைப் பாடமாக்கிப் பரீட்சையும் எழுதியிருந்தேன். அன்று பார்த்தபோது கண் மறைத்தது.

ஸ்பாக்னம் சைலானிக்கம் என்று விரிவுரையாளர் உறுதி செய்தார். பின்பாதி இலங்கைக்குரியது என்று பொருள்படும். அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நம்மளுக்கு இல்லைன்ன பிரஜாவுரிமைய அதுக்கு மட்டும் குடுத்துட்டாங்களா?" என்று சிரித்தார். சிரித்து முடித்து, "ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவமா புள்ள?" என்றார்.

போகலாம் என்றேன். முதலில் பரீட்சை வந்தது, பிறகு எனக்கு வேலை வந்தது, பிறகு அவருக்குச் சிறுநீரக வருத்தம் வந்தது. வவுனியா ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்தபடி, "அங்க குளிரும், சுவெட்டர் வாங்கணும்" என்றார். வாங்கி வைத்தேன். மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

அவருடைய ஆண்டுத் திவசம் முடிந்தபின் தனியாகப் போனேன். லயம் இருந்தது, கோயில் இருந்தது. மேலே சதுப்பு இருந்த இடத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டு, வரிசை வரிசையாக லீக்ஸ் நட்டிருந்தார்கள். பாசி ஒரு பிடிகூட இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "என்னாங்க டீச்சர், பாம்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் டீச்சர் என்பது எப்படித் தெரிந்ததோ.

இன்னொரு முறை, என் பாரமெல்லாம் கூட்டிக் குதித்தேன். அவள் நின்ற இடம் ஆடவில்லை.