பாட்டுக்குள் வந்த லாரி

அரியலூரில் சின்ன ஸ்டுடியோ வைத்து, நானே பாட்டெழுதி, பதிவுசெய்து, யூடியூபில் போடுகிறேன். என் தாலாட்டு ஒன்றில் சிமெண்ட் லாரியின் ஹாரன் புகுந்துவிட்டது. வெளியிட்ட பிறகுதான் கவனித்தேன், வெட்கமாக இருந்தது. அந்தப் பாட்டையே எடுத்துவிடும் முடிவோடு பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன்.

ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காடு வெள்ளையாக மிதந்தது. பக்கத்து சீட்டுப் பெண் மடியிலிருந்த மகளைத் தட்டியபடி என் தாலாட்டைப் பாடினார். இரண்டாவது அடி முடிந்ததும் உதட்டைக் குவித்து, மெல்ல “பாம்ம்ம்” என்றார். குழந்தை சிரித்துக்கொண்டே கண்ணை மூடியது.

“அது என்னங்க சத்தம்?”

“பாட்டுலயே வர்ற லாரிங்க. இவ அப்பா லாரிதான் ஓட்டுறாரு. அதக் கேட்டா அப்பா வந்துட்டாருன்னு தூங்கிடுவா.”

பாட்டு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அதை எடுக்கவும் இல்லை. இப்போது கேட்டாலும், அந்த இடத்தில் யாரோ வீடு திரும்புகிறார்.