தலைவி வீட்டுக் கல்

ஜமுனாமரத்தூரில் எங்கள் உழவர் கம்பெனிக்கு ஒரு சாமை மில் உண்டு. வாசலில் நின்று மூட்டை பார்த்து வாங்குவது என் வேலை. சென்னைக்கு அனுப்பிய லோடு, கல் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் மில்லை மூடிவிடுவார்கள். வேலை செய்கிற பெண்கள் நாங்கள் எல்லோரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கல் எங்கிருந்து வருகிறது என்று மேனேஜரைத் தவிர மலைக்கே தெரியும். கம்பெனித் தலைவி அக்கா வீட்டில் கதிரைத் தார் ரோட்டில் பரப்பி, போகிற வருகிற பஸ்ஸை ஏறவிட்டுத்தான் அடிக்கிறார்கள். பஸ் கூலி கேட்காது. சாமையோடு ரோட்டுச் சல்லிக் கல்லையும் சேர்த்துக் கொடுக்கும். தலைவி வீட்டு மூட்டையைக் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல்?

"மனசு விட்டுப் பேசுங்க" என்று மேனேஜர் கூட்டம் மேல் கூட்டம் போட்டார். "ஒண்ணுமில்லீங்க சார்" என்றோம். எங்கள் பக்கம் 'ஒண்ணுமில்ல' என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பாவம், அவர் அந்த வார்த்தையை அப்படியே நம்பினார். பிறகு கருத்துப் பெட்டி ஒன்று மாட்டினார். அதில் பழைய பஸ் டிக்கெட்டும் புளியங்கொட்டையும் விழுந்தன. எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது.

திரும்பி வந்த சாமையை வீணாக்க மனமில்லாமல் ஒரு மதியம் மில்லிலேயே பொங்கினோம். மேனேஜர் முதல் வாயிலேயே 'கடுக்' என்று கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிரமாதம்" என்றார்.

தலைவி அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். "பல்லு போவுது, பிரமாதமாம்! சார், அது எங்க வூட்டுக் கல்லு. ரோட்டுல அடிச்சது."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். எங்க வூட்டுலயும் ரோடுதான் என்றாள் ஒருத்தி. கல் பிரிக்கிற சல்லடை கிழிந்துபோனதை, திட்டு விழுமென்று சாக்கு போட்டு மூடிவைத்ததாகச் சொன்னாள் இன்னொருத்தி. சாயங்காலமே சல்லடை மாற்ற ஆள் வந்தாயிற்று. ரோட்டில் அடித்த மூட்டையை இனி வாங்குவதில்லை என்றும் முடிவானது.

முடிவெடுப்பது சுலபம். வாசலில் நிற்பது நானல்லவா? மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றவர் தலைவி அக்காவின் வீட்டுக்காரர். மூட்டைக்குள் கைவிட்டு அள்ளினேன். சல்லி.

"மாமா, இதுல கல்லு கீது. எடுத்துட்டுப் போங்க."

அவர் உள்ளே நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குற?" என்றார் அக்கா. "அவதான் சொல்றா இல்ல? வண்டியில ஏத்து."