காயாத வார்னிஷ்

வேலம்மாளின் கணவன் மாரியப்பன் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் சமையல்காரன். கடைத்தெருவுக்குப் பின்னால், மரப்படி வைத்த பழைய மாடி வீட்டில் குடியிருந்தார்கள். கீழே அடுப்படியும் கூடமும். மேலே ஒரே அறை, அதையொட்டிக் குளியலறை. அவர்கள் படுக்கும் அறை அதுதான். ஆனால் சித்திரை பிறந்தால் மாரியப்பனின் சித்தப்பா பெரியசாமி சேலத்து வெயிலுக்குப் பயந்து பெட்டியோடு மலையேறிவிடுவார். மேலறை அவருக்குப் போய்விடும். இவர்கள் கூடத்தில் பாய் விரிப்பார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் வெயில் போய், மழை வந்து, ஆடி மாத மூடுபனியும் இறங்கிவிட்டது. பெரியசாமி மட்டும் இறங்கவில்லை. காபி வேண்டுமென்றால் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடியால் தட்டுவார். ஒருநாள் தட்டிய தட்டில், கைப்பிடியைத் தாங்கியிருந்த கட்டை ஒன்று கழன்று அடுப்படி வாசலில் வந்து விழுந்தது.

"ஏனம்மிணி, ஊட்ட இப்படியா வெச்சிருப்பீங்க?" என்றார் மேலிருந்து.

"சரி பண்ணிப் போடறனுங்க மாமா."

ஆசாரியை அழைப்பார்கள் என்று அவர் நினைத்தார். வேலம்மாள் தானே வேலையில் இறங்கினாள். மரக்கடையில் விசாரித்துப் பசையும் உப்புத்தாளும் வாங்கி வந்தாள். கட்டையைப் பழைய குழியிலேயே பசை வைத்துப் பொருத்திக் கயிற்றால் இறுக்கினாள். ஆடின படிகளுக்கு அடியில் ஆப்பு வைத்தாள். வெடிப்புகளில் மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பினாள். அப்புறம் தேய்க்க உட்கார்ந்தாள். கருப்பு அழுக்கு உரிந்து பலாமரத்தின் மஞ்சள் தெரிந்தபோது, சமையல் நேரம் தாண்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தூசி மேலே போயிற்று. பெரியசாமி தும்மினார். தும்மலைக் கேட்டதும் அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் அவர் மேலே தூங்கும்போது, உச்சிப்படியில் தொடங்கிக் கீழ்ப்படி வரைக்கும் வார்னிஷ் அடித்து முடித்தாள்.

"காயற வரைக்கும் கால் வெக்காதீங்க மாமா. ஒட்டிக்கும்."

"எப்பக் காயும் சாமி?"

"பனி விட்டாக் காஞ்சிருமுங்க."

பனி விடவில்லை. இப்படி அடைபட்டுக் கிடந்தால் சலித்துக்கொண்டு தானே கிளம்பிவிடுவார் என்பது அவள் கணக்கு. பெரியசாமி ஜன்னல் வழியாக வாளியைக் கயிற்றில் இறக்கினார். சோறு அதில் போயிற்று. எதிர் டீக்கடைக்காரரும் அதில் பஜ்ஜி வைத்தார். நாகலூர் பஸ் கண்டக்டர் ஜன்னலுக்குக் கீழே நின்று ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போனார்.

"இறங்கற வேலையே இல்ல அம்மிணி, நொம்ப சவுரியம்," என்றார் பெரியசாமி.

மாரியப்பன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். வேலம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவழியாகப் பனி விலகிப் படி காய்ந்தது. பெரியசாமி பளபளப்பைத் தடவிப் பார்த்தபடி இறங்கி, முடி வெட்டிக்கொள்ளப் போனார். அவர் தெருமுனை திரும்பும் முன்பே வேலம்மாள் மேல்படியில் பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தவர் ஈரப்படியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ரெண்டாம் கோட்டுங்க மாமா. கடைக்காரரு சொன்னாரு, ஒரு கோட்டு நிக்காதுன்னு."

"நான் எங்க படுக்கறது?"

"கூடத்துல எங்களோட பாய் போட்டுக்கலாமுங்க. இல்லீனா டீக்கடை ஏணிய வாங்கி ஜன்னல்ல சாத்தறனுங்க. நீங்க ஏறுங்க, நான் புடிச்சுக்கறேன்."

பெரியசாமி தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார். ராத்திரி கூடத்தில் படுத்தார். அடுப்புப் புகையும் மாரியப்பனின் குறட்டையும் அவரைத் தூங்கவிடவில்லை. காலையில் மாரியப்பன் ஏணியில் ஏறிப் பெட்டியை இறக்கினான்.

பஸ் ஏறும்போது பெரியசாமி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "வேலை சுத்தமா இருக்குது அம்மிணி. ரெண்டு வேலையுந்தான்," என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதற்காக இருங்கள் என்று சொல்லவில்லை.

அந்தப் படியைப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கைப்பிடிக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும் ஆள் வந்தது.

அடுத்த சித்திரையில் பெரியசாமி மலையேறவில்லை. அடிவாரத்துக் குப்பனூரிலேயே, மாரியப்பனின் தம்பி வீட்டில் தங்கிவிட்டார். ஆவணி பிறந்தும் அங்கிருந்து கிளம்பவில்லை. அந்த மாதம் ஏற்காட்டுக்கு வந்த தம்பி மனைவி செல்வி, யாரும் பக்கத்தில் இல்லாதபோது மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, அந்த வார்னிஷ் எந்தக் கடையில வாங்குனீங்க?"

"உங்க ஊட்டுல மாடியே இல்லியே கண்ணு."

"ஊட்டுக்குள்ள வர்றதுக்குக் கதவு இருக்குதுங்களே."

வேலம்மாள் யோசித்தாள். "நாகலூர் பங்களா வேலை முடியட்டும். நானே வந்து அடிச்சுத் தர்றேன்."