பாறைக்குழிப் பூ

செஞ்சியில் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் செடியைக் காட்டினாலும் இந்தப் பக்கத்தில் ஒரே கேள்விதான்: "இன்னாத்துக்கு நல்லது சார்?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அனந்தபுரம் சாலையை ஒட்டிய எங்கள் கிராமத்துப் பாறைகளில் ஒரு பூ உண்டு. மழை விட்ட கையோடு, பாறைக்குழியில் தங்கிய கொஞ்சம் மணலில் முளைக்கும். அந்த மண்ணில் புல்கூட ஒழுங்காக வராது. இது அங்கே மட்டும்தான் வரும். வீட்டில் தொட்டியில் வைத்துப் பார்த்தேன், வீம்புக்குச் செத்தது. மிளகு அளவு ஊதாப் பூ, ஊரில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. கோட்டைமலையிலும் ஏறித் தேடி அலுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்து இரண்டே பாறைகள்.

முதல் பாறையில் நான் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்த அம்மா ஒருவர் என்ன செடி என்று கேட்டார். "ரொம்ப அபூர்வம்மா, மிதிச்சிடாதீங்க" என்றேன். அபூர்வம் என்றால் மூலிகைதானே! சர்க்கரைக்குக் கேட்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. அந்த வாரமே பையோடு வந்து வேரோடு பிடுங்கிப் போனார்கள். கஷாயம் குடித்த யாருக்கும் சர்க்கரை இறங்கியதாகத் தெரியவில்லை. அடுத்த மழைக்கு அங்கே ஒன்றும் முளைக்கவில்லை.

இரண்டாவது பாறையை ஜல்லிக்கு உடைக்கப் போவதாகக் கிராமசபையில் பேச்சு வந்தது. முட்டிவலியோடு எழுந்து நின்றேன். இனி அந்தப் பூ அங்கே மட்டும்தான் இருக்கிறது, பாறையை விட்டுவிடுங்கள் என்றேன். தலைவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு அவரும், "இன்னாத்துக்கு நல்லது சார் அது?" என்றார்.

எதற்காவது நல்லது என்றால் பை வரும். இல்லை என்றால் வெடி வரும். என்னத்தைச் சொல்ல?

"மாடாவது துன்னுமா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"துன்னாதுங்க. எதுக்கும் இல்ல. அது பாட்டுக்குப் பூக்குது, அவ்ளோதான்."

தலைவர் கிளார்க் பக்கம் திரும்பினார். "எழுதிக்கப்பா. அங்க ஒண்ணுத்துக்கும் ஆவாத செடிதான் இருக்குதுன்னு சாரே சொல்லிட்டாரு. அடுத்து இன்னா, குடிதண்ணியா?"

வாத்தியார் சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது. யாரும் மறுபேச்சு பேசவில்லை.